வீடு வாங்குவோரும் சொலிசிட்டரின் உறுதிமொழியும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு வீடு கைமாறும்போது விற்பவரும் வாங்குபவரும் சாட்சிகளோடு பதிவு அலுவலகத்துக்குச் சென்று அதிகாரியின் முன்னிலையில் கையொப்பமிடும் வழக்கம் இல்லை. விலை பேசி முடித்த பிறகு அவ்விருவரும் நேரில் சந்திக்காமலே போவதும் உண்டு. குறித்த நாளில் வாங்குபவர் தரப்புச் சொலிசிட்டரின் வங்கிக் கணக்கிலிருந்து முழுத் தொகையும் விற்பவர் தரப்புச் சொலிசிட்டரின் கணக்குக்குப் போய்ச் சேர்கிறது. அந்த நேரத்தில் விற்பவர் முன்பு வாங்கிய அடமானக் கடன் அரசுப் பதிவேட்டில் அப்படியே நிற்கிறது, வாங்குபவரின் பெயரோ இன்னும் ஏறியிருக்கவில்லை. பணம் போய்விட்டது, வீடு சட்டப்படி இன்னும் பழைய உரிமையாளரின் பெயரில் இருக்கிறது என்னும் இந்த இடைவெளியைத் தாங்கி நிற்பது, ஒரு சொலிசிட்டர் மற்றொரு சொலிசிட்டருக்கு எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியே. ஆகவே சொலிசிட்டரைப் பத்திரம் எழுதித் தருபவராக மட்டும் கருதி, யார் குறைந்த கட்டணம் கேட்கிறார் என்பதை மட்டும் பார்த்து அமர்த்திக்கொள்வது, இந்த ஏற்பாடு எதன் மேல் நிற்கிறது என்பதை அறியாமல் செய்யும் காரியமாகும்.

சொலிசிட்டர் என்பவர், வாடிக்கையாளருக்கு நேரடியாக ஆலோசனை கூறி, அவருக்கான ஆவணங்களை ஆயத்தம் செய்து, அவர் சார்பில் பணத்தையும் கையாளும் வழக்குரைஞர். நீதிமன்றத்தில் வாதாடுவதையே முதன்மைத் தொழிலாகக் கொண்ட பாரிஸ்டர் இவரிலிருந்து வேறுபட்டவர். நிலத்தின் உரிமையை ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் சட்டப்படி மாற்றித் தரும் பணி கன்வேயன்சிங் எனப்படுகிறது. இப்பணியைக் கட்டணம் பெற்றுச் செய்யும் உரிமையை 1804-ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டம் சட்டத் தொழிலினருக்கு மட்டும் ஒதுக்கிக் கொடுத்தது. ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் நீடித்த அந்தத் தனியுரிமையை 1985-ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் முடிவுக்குக் கொண்டுவந்து, உரிமம் பெற்ற கன்வேயன்சர் என்னும் தனி வகுப்பினரை உருவாக்கியது. இன்று வீடு வாங்குபவர் இவ்விரு வகையினரில் எவரையும் அமர்த்திக்கொள்ளலாம். முன்னவரைச் சொலிசிட்டர் ஒழுங்குமுறை ஆணையமும் பின்னவரை அவர்களுக்கெனத் தனியே அமைந்த மன்றமும் கண்காணிக்கின்றன. இரு வகையினரும் தம் பிழையால் வாடிக்கையாளருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யத் தொழிற்காப்பீடு வைத்திருந்தாக வேண்டும். சொலிசிட்டர் நிறுவனங்களைப் பொறுத்தவரை ஒரு கோரிக்கைக்கு அந்தக் காப்பீடு குறைந்தது 20 லட்சம் பவுண்டாகவும், வரையறுக்கப்பட்ட பொறுப்புடைய நிறுவனங்களுக்கு 30 லட்சமாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. ஸ்காட்லாந்தின் சட்டமுறை தனியானது. அங்கே இரு தரப்புச் சொலிசிட்டர்களும் எழுதிக்கொள்ளும் கடிதங்களாலேயே ஒப்பந்தம் உருவாகிறது. இங்குக் கூறப்படுவன இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை.

சொலிசிட்டரின் வேலையைப் புரிந்துகொள்ள, அவர் முதலில் திறந்து பார்க்கும் பதிவேட்டை அறிய வேண்டும். 1862-இல் நிறுவப்பட்ட நிலப் பதிவகம் நெடுங்காலம் சில பகுதிகளில் மட்டுமே கட்டாயமாக இருந்து, 1990 டிசம்பர் 1 முதல் நாடு முழுவதற்கும் கட்டாயமாயிற்று. ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய பதிவேடு மூன்று பகுதிகளைக் கொண்டது: முதற்பகுதி நிலத்தையும் அதற்குரிய வழியுரிமை முதலியவற்றையும் விவரிக்கிறது, இரண்டாம் பகுதி உரிமையாளரின் பெயரையும், அவர் விற்பதற்கு ஏதேனும் தடை இருந்தால் அதையும் சொல்கிறது, மூன்றாம் பகுதியில் அடமானங்களும் நிலத்தின் மீது விதிக்கப்பட்ட நிபந்தனைகளும் இடம்பெறுகின்றன. தமிழ்நாட்டில் 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சார்பதிவகத்தில் பதிவாவது ஆவணம் மட்டுமே. அதை எழுதிக் கொடுத்தவருக்கு உண்மையில் உரிமை இருந்தது என்று அரசு பொறுப்பேற்பதில்லை என்பதால்தான் தாய்ப்பத்திரம் தொடங்கி வில்லங்கச் சான்று வரை தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இங்கிலாந்திலோ பதிவாவது உரிமையே. பதிவேட்டில் பிழை நேர்ந்து ஒருவர் இழப்படைந்தால், சட்டத்தில் குறிக்கப்பட்ட சூழ்நிலைகளில் அரசே இழப்பீடு தருகிறது. ஆனால் நிலத்தைக் கட்டுப்படுத்தும் எல்லாமே பதிவேட்டில் இருந்துவிடுவதில்லை. பதிவேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு வாங்குபவரைப் பிணைக்கக்கூடிய உரிமைகள் பல உண்டு. சொலிசிட்டரின் உழைப்பில் பெரும்பகுதி அவற்றைத் தேடிக் கண்டறிவதிலேயே செலவாகிறது.

விலைக்குச் சம்மதம் தெரிவிப்பதால் மட்டும் இரு தரப்பும் கட்டுப்பட்டுவிடுவதில்லை. 1989-ஆம் ஆண்டின் சொத்துச் சட்டப்படி நிலம் பற்றிய ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், எல்லா நிபந்தனைகளும் அதில் அடங்கியிருக்க வேண்டும், இரு தரப்பும் கையொப்பமிட்டிருக்க வேண்டும். அதுவரை எவரும் காரணம் கூறாமல் விலகலாம். விற்பவர் கூடுதல் விலை தரும் வேறொருவருக்கு வீட்டைக் கொடுத்துவிடுவதும், வாங்குபவர் இறுதி நேரத்தில் விலையைக் குறைக்கக் கோருவதும் இந்த இடைக்காலத்தில் நிகழ்பவையே. ஆய்வுகளுக்குச் செலவிட்ட பணம் வீணாகி, பல மாத எதிர்பார்ப்பும் பொய்த்துப் போகும் குடும்பங்களுக்கு இது பெரும் துன்பமே என்றாலும், அவசரத்தில் கட்டுப்பட்டுவிடாமல் விசாரித்துப் பார்க்க வாங்குபவருக்குக் கிடைக்கும் காலமும் இதுவே.

விசாரணையின் தேவை ஒரு பழைய சட்டக் கொள்கையிலிருந்து எழுகிறது: பொருளின் குறைகளைக் கண்டறிய வேண்டியது வாங்குபவரின் பொறுப்பு. விற்பவரின் சொலிசிட்டர் ஒப்பந்த வரைவையும் பதிவேட்டின் படியையும், விற்பவரே நிரப்பிய தகவல் படிவங்களையும் அனுப்புகிறார். எல்லை வேலி யாருடையது, அண்டை வீட்டாரோடு தகராறு உண்டா, அனுமதி பெற்று எந்தெந்தக் கட்டட வேலைகள் நடந்தன என்பன போன்ற வினாக்களுக்கு அவற்றில் விடை இருக்கும். பொய்யான விடை பின்னாளில் இழப்பீட்டு வழக்குக்கு வழி வகுக்கும் என்பதால் விற்பவரும் இப்படிவங்களைக் கவனத்தோடு நிரப்ப வேண்டியவரே. வாங்குபவரின் சொலிசிட்டர் அதோடு நிற்காமல் உள்ளாட்சி மன்றத்திடமும் தண்ணீர் நிறுவனத்திடமும் எழுதிக் கேட்கிறார். சாலை மன்றத்தின் பராமரிப்பில் உள்ளதா, கழிவுநீர்க் குழாய் நிலத்துக்கு அடியில் ஓடுகிறதா, வெள்ள அபாயமோ பழைய தொழிற்சாலைக் கழிவோ உண்டா, சுரங்கப் பகுதியாயின் அடியில் நிலக்கரி தோண்டப்பட்டதா என்பவை இவ்வாறு தெரியவருகின்றன.

இத்தேடல்கள் வெறும் சடங்கல்ல என்பதற்கு வாரிக்‌ஷயர் மாவட்டத்தின் ஆஸ்டன் கேன்ட்லோ என்னும் சிற்றூரில் எழுந்த வழக்கு சான்றாகும். சில நிலங்களின் உரிமையாளர்கள் ஊர்த் தேவாலயத்தின் கிழக்குப் பகுதியைப் பழுதுபார்க்கக் கடமைப்பட்டவர்கள் என்னும் இடைக்கால வழக்கு அங்கே உயிரோடிருந்தது. ஒரு தம்பதியர் தம் பண்ணை நிலத்தோடு அந்தக் கடமையையும் ஏற்றிருந்ததாக 2003-இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்ததைத் தொடர்ந்து, ஏறத்தாழ 1,87,000 பவுண்டு பழுதுச் செலவும் அதன் மேல் வழக்குச் செலவும் அவர்கள் தலையில் விழுந்தன. 2013 அக்டோபர் 13-க்குப் பிறகு விலை கொடுத்து நிலத்தை வாங்குபவரை, பதிவேட்டில் குறிக்கப்படாத இத்தகைய கடமை பொதுவாகப் பிணைப்பதில்லை; அதுவரை பல நூறாண்டுப் பழமையுடைய ஒரு கடன், எந்தப் பத்திரத்திலும் கண்ணில் படாமல் வீடு வாங்குபவரைப் பற்றிக்கொள்ள முடிந்தது.

சொலிசிட்டர் செய்யாதவற்றையும் வாங்குபவர் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். அவர் பொதுவாக வீட்டைப் பார்ப்பதே இல்லை. கூரை ஒழுகுகிறதா, சுவர் இறங்கியிருக்கிறதா என்று சொல்ல வேண்டியவர் சர்வேயர். கடன் தரும் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளரின் அறிக்கை வங்கிக்காகத் தயாரிக்கப்படுவது, வீட்டின் நிலையை விரிவாக ஆராய்வதன்று. பதிவகத்தின் வரைபடம்கூட எல்லையைப் பொதுவாகவே காட்டுகிறது, அங்குல அளவில் அன்று. ஆகவே பின்கட்டில் புதிதாக எழுப்பிய அறை, பரணை மாற்றிக் கட்டிய படுக்கையறை, பக்கத்து வீட்டார் நடந்து போகும் ஒற்றையடிப் பாதை ஆகியவற்றை நேரில் கண்டவர் சொலிசிட்டரிடம் சொல்லாவிட்டால் அவர் கேட்க வேண்டியதைக் கேட்க இயலாது. உரிய சான்றில்லாத கட்டட வேலைக்கு மாற்றாக இழப்பீட்டுக் காப்பீடு எடுத்துத் தருவது இன்று மிகப் பரவலாகிவிட்டது. இந்தக் காப்பீடு உள்ளாட்சி மன்றம் நடவடிக்கை எடுத்தால் வரும் செலவை ஏற்குமே தவிர, பாரம் தாங்கும் சுவரை இடித்துவிட்டு முறையான உத்தரம் வைக்காமல் விட்டிருந்தால் மேல்தளத்தைத் தாங்கிப் பிடிக்காது. பத்திரத்தின் குறையைக் காப்பீடு மூடலாம், கட்டடத்தின் குறையை அன்று என்பதை வாடிக்கையாளருக்கு விளக்கிச் சொல்லாத சொலிசிட்டர் தம் கடமையில் பாதியைத்தான் செய்கிறார்.

அடுக்ககக் குடியிருப்புகளில் இவ்வேலை பன்மடங்கு கடினமாகிறது. இங்கிலாந்தில் ஃபிளாட் வாங்குபவர்களில் மிகப் பெரும்பாலோர் நிலத்தையோ கட்டடத்தையோ வாங்குவதில்லை. 99, 125 அல்லது 999 ஆண்டுகள் எனக் குறிக்கப்பட்ட காலத்துக்கு அங்கே வாழும் நீண்டகாலக் குத்தகை உரிமையையே வாங்குகின்றனர். லீஸ்ஹோல்ட் எனப்படும் இவ்வுரிமையில் நிலவாடகை, பராமரிப்புக் கட்டணம், உள்வாடகைக்கு விடக் கட்டுப்பாடு, வளர்ப்பு விலங்குக்குத் தடை என எத்தனையோ நிபந்தனைகள் பத்திரத்தில் புதைந்திருக்கும். மீதமுள்ள காலம் 80 ஆண்டுக்குக் கீழே இறங்கியதும் அதை நீட்டிக்கும் செலவு கூடிவிடுகிறது. 2024-இல் இயற்றப்பட்ட சட்டம் இந்நிலையை மாற்ற வகை செய்தபோதிலும் அதன் பிரிவுகள் எல்லாம் ஒருங்கே நடைமுறைக்கு வரவில்லை. 2022 ஜூன் 30 முதல் எழுதப்படும் புதிய குத்தகைகளில் பெரும்பாலானவற்றுக்கு நிலவாடகை கிடையாது என்றாலும், பழைய குத்தகைகளில் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் நிலவாடகை இன்றும் இருக்கக்கூடும். 2017 ஜூன் 14 அன்று லண்டனின் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேரைப் பலிகொண்ட தீவிபத்துக்குப் பிறகு, வெளிச்சுவர்ப் பூச்சுப் பலகைகள் எரியக்கூடியவையா, அவற்றை மாற்றும் செலவு யாருடையது என்னும் வினாக்கள் சேர்ந்துகொண்டன. 2022-ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டம், குறைந்தது 11 மீட்டர் உயரமோ ஐந்து தளமோ உடைய கட்டடங்களில் தகுதியுள்ள குத்தகையாளருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது, ஆனால் எந்தக் குத்தகை தகுதியுடையது என்பதைச் சான்றுகளால் நிறுவ வேண்டியிருக்கிறது. ஒரு ஃபிளாட்டின் கோப்பைத் தனிவீட்டின் கோப்பைப் போல் விரைந்து முடித்துவிடுவதாக ஒருவர் சொன்னால் அச்சப்பட வேண்டியது வாங்குபவரே.

கடன் பெற்று வாங்கும்போது பெரும்பாலும் ஒரே சொலிசிட்டர் வாங்குபவருக்கும் கடன் தரும் வங்கிக்கும் சேர்த்துப் பணிபுரிகிறார். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒருவரே பணிபுரிவது நலன்கள் முரண்படும் என்பதால் பொதுவாகத் தவிர்க்கப்பட, வங்கியும் வாங்குபவரும் குற்றமற்ற உரிமையையே வேண்டுகின்றனர் என்னும் காரணத்தால் இது அனுமதிக்கப்படுகிறது. எனினும் இதன் விளைவைப் பலர் உணர்வதில்லை: விலையில் மறைமுகத் தள்ளுபடி உண்டு, முன்பணத்தின் ஒரு பகுதி வேறொருவருடையது, வாங்கிய பின் அங்கே குடியிருக்கும் எண்ணம் இல்லை என்பன போன்ற செய்திகளை வாங்குபவர் சொலிசிட்டரிடம் சொன்னால், அவற்றை வங்கிக்கு அறிவிக்க வேண்டிய கடமை அவருக்கு உண்டு, அறிவிக்க வாடிக்கையாளர் இசையாவிட்டால் அவர் வங்கிக்குப் பணிபுரிவதை நிறுத்தியாக வேண்டும். பணம் வந்த வழியைக் கேட்பதும் இத்தகையதே. 2017-ஆம் ஆண்டின் கறுப்புப்பணத் தடுப்பு விதிகளின்படி முன்பணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொலிசிட்டர் ஆவணங்களோடு அறிந்துகொள்ள வேண்டும். லண்டனில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணம், நகை விற்ற பணம், உறவினர் ஐந்தாறு பேர் கைகொடுத்த பணம் எனப் பல ஊற்றுகளிலிருந்து முன்பணம் திரள்வது இயல்பு. அவற்றில் குற்றம் எதுவும் இல்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் தாள் வேண்டும். உறவினர் தந்தது திருப்பித் தர வேண்டிய கடனா, அன்பளிப்பா என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. அன்பளிப்பாயின் வீட்டில் தமக்குப் பங்கில்லை என்று தந்தவர் எழுதித் தருமாறு வங்கி கேட்கும்.

பலர் பணத்தால் ஒரு வீடு வாங்கப்படும்போது பங்குகளை எழுதி வைப்பது சொலிசிட்டரின் பணிகளில் மிகுந்த மதிப்புடையது. வேதனைக்குரியதென்னவென்றால், மிகக் குறைவாகக் கேட்கப்படுவதும் அதுவே. இருவர் கூட்டாக வாங்கும்போது, ஒருவர் இறந்தால் முழு வீடும் தானே மற்றவருக்குச் சேரும் கூட்டுரிமையாகவோ, அவரவர் பங்கு அவரவர் வாரிசுக்குப் போகும் பங்குரிமையாகவோ அதை அமைத்துக்கொள்ளலாம். ஸ்டாக் எதிர் டௌடன் வழக்கில், மணம் புரியாமல் பல ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த இருவரின் பெயரிலும் வீடு இருந்தும் பங்கு எழுதப்படாததால் வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்று, 2007-இல்தான் ஒருவருக்கு 65 விழுக்காடும் மற்றவருக்கு 35 விழுக்காடும் என முடிந்தது. வீடு வாங்கும் மகிழ்ச்சியில் பிரிவைப் பற்றியோ இறப்பைப் பற்றியோ பேசுவது அபசகுனமாகத் தோன்றலாம். ஆனால் மகனுடைய வீட்டுக்குத் தம் வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்த பெற்றோருக்கு, பங்குகளைக் குறிக்கும் ஒரு பக்க நம்பிக்கைப் பொறுப்புப் பத்திரம் தரும் பாதுகாப்பை வேறெதுவும் தராது.

எல்லா வினாக்களுக்கும் விடை கிடைத்ததும் ஒப்பந்தப் பரிமாற்றம் நிகழ்கிறது. இரு தரப்பும் தனித்தனியே கையொப்பமிட்ட ஒரே வாசகமுடைய இரு படிகளைச் சொலிசிட்டர்கள் வைத்துக்கொண்டு, தொலைபேசியில் பேசி, தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, பரிமாற்றம் ஆகிவிட்டதாக அறிவிக்கின்றனர். தாள்கள் அஞ்சலில் பின்னரே செல்கின்றன. சொலிசிட்டர்களின் தொழில்முறைச் சங்கமாகிய லா சொசைட்டி வகுத்த வாய்பாடுகளின்படி நடக்கும் அந்தத் தொலைபேசி உரையாடலே சட்டப்படி இரு குடும்பங்களையும் பிணைக்கிறது. வழக்கமாக விலையில் 10 விழுக்காடு முன்பணமாகக் கட்டப்படுகிறது. அதன் பின் விலகும் வாங்குபவர் அதை இழக்க நேரும். வழக்கிலுள்ள பொது நிபந்தனைகளின்படி அந்த நொடியிலிருந்து தீ, வெள்ளம் முதலிய இடர்களும் வாங்குபவரைச் சேர்வதால், சாவி கைக்கு வருவதற்கு முன்பே கட்டடக் காப்பீடு தொடங்கியிருக்க வேண்டும்.

நிறைவு நாளில் கடன் தொகையை வங்கியிடமிருந்து பெற்று, மீதியோடு சேர்த்து விற்பவரின் சொலிசிட்டருக்கு அனுப்புகின்றனர். விற்பவரும் வேறொரு வீடு வாங்குபவராயின் அதே பணம் அன்றே அடுத்த கணக்குக்கும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கும் செல்ல வேண்டும். பெற்ற பணத்திலிருந்து பழைய அடமானத்தைத் தீர்த்துவிடுவேன் என்று விற்பவரின் சொலிசிட்டர் தரும் உறுதிமொழியை நம்பியே வாங்குபவரின் சொலிசிட்டர் பணத்தை விடுவிக்கிறார். இந்த உறுதிமொழியை மீறுவது தொழிலொழுக்கக் குற்றம்; நீதிமன்றமும் அதை நிறைவேற்ற வைக்கக்கூடும். சாவி கிடைத்ததோடு வேலை முடிவதுமில்லை. பதிவகத்தில் முன்கூட்டியே செய்த தேடல் 30 வேலைநாட்களுக்கு முன்னுரிமை தருகிறது. அதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால், இடையில் வேறெவரும் அந்த வீட்டின் மீது ஏற்றிய பொறுப்பு வாங்குபவரைப் பாதிக்காது.

முத்திரைத் தீர்வை நில வரியை இங்கிலாந்தில் 14 நாட்களுக்குள் கணக்குக் காட்டிச் செலுத்த வேண்டும். வேல்ஸில் 2018 முதல் வேறு வரி, 30 நாள் தவணை. இங்கிலாந்தில் 2025 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள விகிதப்படி 4 லட்சம் பவுண்டு வீட்டுக்கு வரி 10,000 பவுண்டு. முதல் வீடு வாங்குபவருக்கு 5,000. ஏற்கெனவே ஒரு வீடு உடையவர் மற்றொன்று வாங்கினால் 30,000. இவ்விடத்தில் பல தமிழ்க் குடும்பங்கள் அறியாமல் இடறுகின்றன. முதல் வீடு என்னும் சலுகைக்கு உலகில் எங்குமே வீடு உடையவராக இருந்திருக்கக் கூடாது; யாழ்ப்பாணத்திலோ கும்பகோணத்திலோ வழிவழியாக வந்த வீட்டில் பங்கு இருந்தால் அதுவும் கணக்கில் வரக்கூடும், கூடுதல் வரிக்கு வாழ்க்கைத் துணையின் சொத்தும் எண்ணப்படும். சொலிசிட்டர் கேட்கும்போது ஊரிலுள்ள வீட்டைச் சொல்லாமல் விடுவது பின்னாளில் வரித்துறையின் தண்டத்தையே கொண்டுவரும்.

மற்றவர் நம்பித் தரும் பணத்தை ஏற்கும் தொழிலில் ஏமாற்று நுழைவதும் பெரிதாகவே நிகழ்கிறது. உரிமையாளர் என்று நடித்த ஒருவன் லண்டன் வீடொன்றை 11 லட்சம் பவுண்டுக்கு விற்றுப் பணத்தோடு மறைந்த வழக்கில், 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் போலியின் சார்பில் நின்ற நிறுவனத்தையும், கவனக்குறைவு இல்லாத வாங்குபவர் தரப்பு நிறுவனத்தையும் பொறுப்பாளிகளாக்கியது; வீடு வந்தால் மட்டுமே கொடுக்க வேண்டிய பணத்தை வீடு வராமலே கொடுத்தது நம்பிக்கைப் பொறுப்பை மீறியதாகும் என்பதே காரணம். 2023-இல் ஒரு பெரிய நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கிலிருந்து 6 கோடி பவுண்டுக்கு மேற்பட்ட தொகை காணாமற்போனதும், ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டு அதை மூடியதும் இதே நம்பிக்கை உள்ளிருந்தே உடையக்கூடும் என்பதைக் காட்டின. மின்னஞ்சலை இடைமறித்து, "எங்கள் கணக்கெண் மாறிவிட்டது" என்று பொய்ச் செய்தி அனுப்பும் கும்பல்களும் உள்ளன. பணம் அனுப்புமுன் முதல் நாள் பெற்ற எண்ணில் அழைத்துக் கணக்கெண்ணை உறுதி செய்துகொள்வது ஒவ்வொரு வாடிக்கையாளரும் கைக்கொள்ள வேண்டிய பழக்கம். வீட்டு முகவர் பரிந்துரைக்கும் நிறுவனம் அவருக்குத் தரகு கொடுப்பதாக இருக்கலாம். கேட்காவிட்டாலும் அதைச் சொலிசிட்டர் வெளிப்படுத்தியாக வேண்டும். ஒருவர் ஒரே நேரத்தில் கணக்கற்ற கோப்புகளைச் சுமந்துகொண்டு மிகக் குறைந்த கட்டணத்துக்கு உழைக்கும் நிறுவனத்தில் மேற்கூறிய விசாரணைகள் எவ்வளவு கவனத்தோடு நடக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், சில நூறு பவுண்டு மிச்சம் பெரிதாகத் தோன்றாது.

வீட்டை மாற்றாமல் கடனை மட்டும் மாற்றும் மறு அடமானம் எளியதென்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. இரண்டு அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு நிலையாக வைக்கப்பட்ட வட்டிக்காலம் முடிந்ததும் அதே வங்கியிலேயே புதிய திட்டத்துக்கு மாறினால் சட்டப்பணி தேவைப்படுவதில்லை. வேறு வங்கிக்குப் போகும்போது புதிய வங்கியின் சார்பில் ஒருவர் உரிமையைச் சரிபார்த்து, பழைய வங்கியிடமிருந்து தீர்வுத் தொகைக் கணக்கு வாங்கி, அதைச் செலுத்தி, பழைய பொறுப்பை நீக்கிப் புதியதைப் பதிகிறார். இலவசச் சட்டப்பணி என்று விளம்பரப்படுத்தப்படுவது பெரும்பாலும் வங்கி அமர்த்தும் நிறுவனம் செய்வது. அது முதன்மையாக வங்கியின் நலனையே பார்க்கிறது என்பதால், முன்கூட்டித் தீர்ப்பதற்கான தண்டக் கட்டணம் எவ்வளவு என்பதைக் கடன்பெறுபவரே தேதியோடு கேட்டறிய வேண்டும்.

ஆனால் மறு அடமானத்தில்தான் வீட்டுக்குள் இருக்கும் மற்றவர்களின் உரிமை பெரும்பாலும் கேள்விக்குள்ளாகிறது. வில்லியம்ஸ் அண்ட் கிளின்ஸ் வங்கி எதிர் போலண்ட் வழக்கில் வீடு கணவரின் பெயரில் மட்டும் இருந்தது. வாங்கும்போது பணம் தந்திருந்த மனைவி அங்கேயே வாழ்ந்துவந்தார். கணவர் தம் வணிகத்துக்காக வீட்டை அடமானம் வைத்தபோது வங்கி மனைவியிடம் எதுவும் கேட்கவில்லை; கடன் திரும்பாமல் வங்கி வீட்டைக் கேட்டு வந்தபோது, பதிவேட்டில் பெயரில்லாத மனைவியின் உரிமை வங்கியைப் பிணைக்கும் என்று 1980-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அன்றுமுதல், வீட்டில் வாழும் 17 அல்லது 18 வயது நிறைந்த ஒவ்வொருவரின் பெயரையும் சொலிசிட்டர் கேட்பதும், தம் உரிமை வங்கிக்குப் பின்னதே என்று அவர்களிடம் கையொப்பம் பெறுவதும் வழக்கமாயின. தம்மோடு வாழும் முதிய தாயிடமோ கல்லூரியில் படிக்கும் மகளிடமோ அப்படிவம் நீட்டப்படும்போது அது வெறும் வாடிக்கைத் தாளன்று. அவர்கள் தமக்குள்ளதொரு பாதுகாப்பை விட்டுக்கொடுக்கின்றனர் என்பதை அவர்களிடம் சொல்லியாக வேண்டும்.

இவ்வாறு கையொப்பமிடுவோர் அழுத்தத்தாலோ அறியாமையாலோ இடக்கூடாது என்பதற்காக, ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து எதிர் எட்ரிட்ஜ் என்னும் பெயரில் ஒருங்கே கேட்கப்பட்ட எட்டு வழக்குகளில் 2001-இல் பிரபுக்கள் சபை தெளிவான நடைமுறையை வகுத்தது. கணவரின் வணிகக் கடனுக்கு மனைவி தம் வீட்டுப் பங்கைப் பிணையாகக் கொடுக்க முன்வந்தால் வங்கி எச்சரிக்கை கொள்ள வேண்டும். அவருக்குச் சொலிசிட்டர் ஒருவர் நேரில், கணவர் உடனில்லாதபோது, எளிய சொற்களில் விளக்க வேண்டும். கடன் தொகை எவ்வளவு, வணிகம் நொடித்தால் வீடே போய்விடக்கூடும், பிணை தருவதா இல்லையா என்னும் முடிவு முற்றிலும் அவருடையது என்பவை அந்த விளக்கத்தில் கட்டாயம் இடம்பெற வேண்டும். கணவனும் மனைவியும் தம் இருவர் தேவைக்காகவும் சேர்ந்து வாங்குவதாகத் தோன்றும் கடனுக்கு இந்த நடைமுறை பொருந்தாது. ஆனால் பிள்ளையின் கடனுக்குப் பெற்றோர், தம்பியின் கடைக்கு அக்காள் என்று ஊதியமின்றிப் பிணை நிற்கும் எவருக்கும் அது பொருந்தும். ஆங்கிலம் முழுமையாக விளங்காத ஒருவருக்கு இந்த விளக்கம் அவர் தாய்மொழியில் கிடைத்தால்தான் அது விளக்கமாகும். மொழிபெயர்ப்பவர் கடன் கேட்கும் உறவினராகவே இருக்கக் கூடாது. விளக்கத்தைக் கேட்டபின் அவர் இசையவில்லை என்றால், அவருடைய அனுமதியின்றிச் சொலிசிட்டர் வங்கிக்கு உறுதிக் கடிதம் எழுத முடியாது. அக்கடிதம் வந்து சேராதவரை வங்கி அந்தப் பிணையை ஏற்கக் கூடாது.